உளவு நாவலின் விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது?

மட்டக்களப்புப் பகுதியில் வடமோடிக் கூத்துப் பார்ப்பதற்காக வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுள் கதையின் முடிவை அறியாதவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். ‘பதினெட்டாம் போர்’ ஆடப்படும்போது யார் வெல்வார், யார் விழுவார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் துரியோதனன் களரிக்குள் வரும்போது மத்தள ஓசையோடு சேர்ந்து பார்ப்பவர் நெஞ்சும் வேகமெடுக்கிறது. முடிவு தெரிந்த கதையிலும் இந்தப் படபடப்பு எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டால், உளவு நாவல்கள் உலகெங்கும் இத்தனை வாசகரை ஏன் பிடித்து வைத்திருக்கின்றன என்பதையும் பெருமளவு விளங்கிக்கொள்ளலாம்.

இந்த வகையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றென நான் கருதும் நாவலும் முடிவு முன்னரே தெரிந்த நாவல்தான். பிரித்தானியச் செய்தியாளராக இருந்த பிரெடெரிக் போர்சைத் எழுதி 1971ஆம் ஆண்டு வெளிவந்த ‘த டே ஒஃப் த ஜக்கல்’, பிரான்ஸ் ஜனாதிபதி சார்ல்ஸ் டி கோலைக் கொல்வதற்கு அமர்த்தப்பட்ட ஒரு கூலிக் கொலையாளியின் கதையைச் சொல்கிறது. உண்மையில் டி கோல் 1970 நவம்பரில் தமது வீட்டிலே இயற்கையாகக் காலமானவர். ஆகவே கொலையாளி தோற்கப்போகிறான் என்பதை முதற் பக்கத்தைத் திறக்கும்போதே வாசகர் அறிவார். ஆனாலும் அவன் துப்பாக்கி செய்விக்கும் இடத்திலும், எல்லையைக் கடக்கும் இடத்திலும், மாறுவேடத்தில் காவலரைத் தாண்டும் இடத்திலும் நாம் மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கிறோம். என்ன நடக்கும் என்ற கேள்வியைவிட, எந்தக் கணத்தில், யாருடைய கண்ணிற் பட்டு, எந்தச் சிறு பிழையால் அது நடக்கும் என்ற கேள்வியே இங்கு நம்மை இழுக்கிறது.

தமிழ் வாசகர் பலர் உளவு நாவலையும் துப்பறியும் நாவலையும் ஒன்றாகவே எண்ணுவதுண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால் தொடங்கி ராஜேஷ்குமாரின் விவேக் வரை நம் கைகளிற் புழங்கியவை பெரும்பாலும் துப்பறியும் கதைகளே என்பதால் இந்தக் குழப்பம் இயல்பானது. துப்பறிபவர் நடந்து முடிந்த ஒரு குற்றத்திலிருந்து பின்னோக்கிச் செல்கிறார். கொன்றவர் யார், ஏன் கொன்றார் என்பதைக் கண்டறிந்ததும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. உளவாளியோ இனி நடக்கப்போகும் தீங்கை நோக்கி ஓடுகிறார், அதைத் தடுப்பதற்கோ சில வேளைகளில் தாமே செய்வதற்கோ. மேலும், துப்பறிபவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது; உளவாளி பிடிபட்டால் அவரை அனுப்பிய அரசே ‘இவரை நாம் அறியோம்’ என்று கைவிரித்துவிடலாம். இந்தத் தனிமையும் அந்த முன்னோக்கிய ஓட்டமும் சேர்ந்தே இவ்வகை நாவலுக்கு அதன் தனிச் சுவையைத் தருகின்றன.

இது நமக்குப் புதிதான பொருளுமன்று. திருக்குறளின் 59ஆவது அதிகாரமான ‘ஒற்றாடல்’ முழுவதும் உளவுத் தொழிலைப் பற்றியது. யாரும் ஐயுறாத உருவம், உறுத்துப் பார்த்தாலும் அஞ்சாத கண், எந்நிலையிலும் உள்ளத்தில் இருப்பதை வெளியே விடாத உறுதி ஆகிய மூன்றையும் ஒற்றனுக்கு உரியனவாக வள்ளுவர் வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும் என்றும் அவர் சொல்வதை வைத்தே ஒரு முழு நாவலைக் கட்டிவிடலாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது வாசகரைக் கட்டிப்போட்டது இளவரசரின் வீரம் மட்டுமன்று. ஓலை கொண்டுசெல்லும் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் இரவிலே தற்செயலாக ஒரு சதியைக் கேட்டுவிடுகிறான். கேட்டதை மறைத்துக்கொண்டு சதிகாரர் நடுவிலேயே அவன் நடமாட வேண்டியிருக்கிறது. முதன்மந்திரியின் ஒற்றனான ஆழ்வார்க்கடியான் வேறு அவன் போகும் இடமெல்லாம் எதிர்ப்படுகிறான். இதை ஆவலோடு வாசித்த எவருக்கும் உளவு நாவலின் அடிப்படை ஏற்கெனவே பழக்கமானதே.

அந்த அடிப்படையை ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், யார் எதை அறிந்திருக்கிறார், யார் அதை அறியாமல் இருக்கிறார், இடையில் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்ற கணக்கிலேயே விறுவிறுப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. துப்பாக்கிச் சூடும் துரத்தலும் அந்தக் கணக்கின் விளைவுகளேயன்றி அதன் காரணங்கள் அல்ல.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் உதயதேவி புகையிரதத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நடுத்தர வயதுடைய ஒருவர் மடியில் ஒரு தோற்பையை வைத்துக்கொண்டு யன்னலோரம் அமர்ந்திருக்கிறார். ஏறாவூரை நெருங்கும்போது யாரோ ஒருவன் பாய்ந்து வந்து பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான் என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் திடுக்கிடுவார். அடுத்த பந்தியில் அது மறந்துபோகும். இப்போது அதே கதையைச் சற்று மாற்றுவோம். பயணச்சீட்டுப் பரிசோதகரின் உடையில் ஒருவன் வாழைச்சேனையில் ஏறப்போகிறான் என்பதையும், அந்தப் பைக்காகவே அவன் வருகிறான் என்பதையும் முந்திய அத்தியாயத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுகிறோம், பயணிக்குச் சொல்லவில்லை. அவர் பொலன்னறுவையில் கச்சான் வாங்குகிறார், பக்கத்திலிருக்கும் மூதாட்டிக்கும் ஒரு கை கொடுக்கிறார், அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஆறுதலாக விசாரிக்கிறார். வெலிக்கந்தை கழிகிறது, புனாணை கழிகிறது. நிகழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவுமே நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையும் வாசகர் வயிற்றைப் பிசைகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பயணிக்கும் விடயம் தெரியும் என்றும், பைக்குள் இருந்ததை அவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார் என்றும், வந்து ஏறுபவனுக்கு மட்டும் அது தெரியாது என்றும் வைத்துக்கொண்டால், ‘ரிக்கெற்றைக் காட்டுங்கள்’ என்ற ஒரு சாதாரண வசனம் இருவருக்குமிடையே வாட்போராக மாறிவிடுகிறது. இதன் பிறகு அந்தப் பயணி ஓடும் புகையிரதத்திலிருந்து குதித்தால் அந்தக் குதிப்பை நாம் உடலால் உணர்கிறோம். முன்தயாரிப்பு எதுவுமின்றி முதற் பக்கத்திலேயே குதித்திருந்தால், யாரோ ஒருவர் விழுந்தார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருந்திராது.

செய்திக்கும் செயலுக்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு கொடியது என்பதற்கு நம் கடலிலேயே ஒரு சாட்சி கிடக்கிறது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, தமது விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன்னர் வானொலியிற் செய்தி அனுப்பினார். மறுநாட் காலையிலேயே கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்ட அன்று, ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தன்னிடம் ஒரு விமானங்கூட இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் வைத்து ஜப்பானிய வேவு விமானம் ஒன்றின் கண்ணிற் பட்டது. அந்த விமானம் அனுப்பிய செய்தியைப் பிரித்தானியரும் இடைமறித்து அறிந்துகொண்டார்கள். கப்பலை விரைந்து திரும்புமாறு பணித்தார்கள். ஆனால் காப்பாற்றும் விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. கப்பல் மூழ்கி முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்து வருகிறது என்பதை அறிந்தும் அதற்கு முன்னால் ஓடிச் சேர முடியாமற்போகும் இந்த இடைவெளியே உளவு நாவலாசிரியர் திரும்பத் திரும்ப எடுத்தாளும் களம்.

இனி அதிரடிக் காட்சிகளுக்கு வருவோம். இவற்றை மலிவான சரக்கு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. நல்ல அதிரடிக் காட்சியை எழுதுவது கடினம். எந்தக் கதவு எங்கே இருக்கிறது, ஓடுபவருக்கும் துரத்துபவருக்கும் இடையே எவ்வளவு தூரம், வலப்பக்கம் திரும்பினால் என்ன வரும் என்பவை வாசகர் மனக்கண்ணில் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். ஜோன் பக்கன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ‘த தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ என்ற சிறு நாவலில், கொலைப்பழி சுமந்த ஒருவர் ஸ்கொட்லாந்தின் வெட்டவெளி மலைச்சரிவுகளில் ஓடுகிறார். ஒளிந்துகொள்ள மரங்களற்ற அந்த நிலத்தில், மேலே விமானமொன்று அவரைத் தேடிக்கொண்டு பறக்கிறது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலிருந்து யாராவது தப்பியோடுவதாக எழுதுபவருக்கும் இது பொருந்தும். சுற்றிலும் வாவி, வெளியேறும் வழிகளோ விரல்விட்டு எண்ணத்தக்க பாலங்கள், அந்தப் பாலங்களில் யார் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டால் துரத்தலின் பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு மாறாக, பக்கத்துக்குப் பக்கம் வெடிச்சத்தமும் இரத்தமும் மட்டுமே நிறைந்த நாவல் விரைவிலேயே சலித்துவிடுகிறது. அமைதியான காட்சி ஒன்று இடையில் இல்லாவிட்டால் அதிரடியின் வலிமை தெரியாது.

தொழில்நுட்ப விவரங்களில் ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. இறந்துபோன குழந்தையொன்றின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டுப் பெறும் வழியைப் போர்சைத் தமது நாவலில் படிப்படியாக விவரித்தபோது, அது அக்காலத்துப் பிரித்தானியாவில் உண்மையாகவே இருந்த ஓட்டையாக இருந்தது. காப்புறுதி முகவராகப் பணியாற்றிய ரொம் கிளான்சி 1984ஆம் ஆண்டு எழுதிய நீர்மூழ்கிக் கப்பல் நாவலிலும் இத்தகைய விவரங்களே வாசகரைப் பிடித்தன. ஒருவர் தம் வேலையைச் செவ்வையாகச் செய்வதைப் பார்ப்பதில் மனிதருக்கு எப்போதும் ஒரு நிறைவு இருக்கிறது.

இவற்றையெல்லாம் உலகின் எந்த வாசகருக்கும் சொல்லலாம். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் போர்க்காலத்தை வாழ்ந்து கடந்தவர்கள் இந்த நாவல்களுக்குள் வேறொரு வாசலால் நுழைகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி, பொதிகளைச் சுமந்துகொண்டு, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி சோதனைச் சாவடியை நோக்கி வரிசையாக நடந்த அனுபவம் இங்கு ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் மறைப்பதற்கு எதுவுமில்லாதவர்கூட விடையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். அட்டையைப் புரட்டுபவரின் கண் முகத்துக்கும் படத்துக்கும் இடையே இரண்டாவது முறை போய்வந்தால் அடிவயிறு குளிர்ந்துவிடும். ஆட்களை அடையாளம் காட்ட நிறுத்தப்பட்ட, முகத்தை மூடிய ‘தலையாட்டி’க்கு முன்னால் நடக்க நேர்ந்தவர்களுக்கு, அந்தத் தலை எந்தப் பக்கம் அசையும் என்று காத்திருந்த கணங்கள் எவ்வளவு நீண்டவை என்பது தெரியும். ஐரோப்பிய எல்லையொன்றில் பொய்க் கடவுச்சீட்டோடு நிற்கும் ஒருவரின் நிலையை நாவலாசிரியர் அரைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகலாம். மீதியை இந்த வாசகர் தம் உடலின் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்வார்.

அப்படியானால் அந்த அச்சத்தை அனுபவித்தவர் அதைக் கதையாக மீண்டும் ஏன் தேடிப் படிக்க வேண்டும்? வாழ்வில் நமக்கு மேசையின் ஒரு பக்கம் மட்டுமே தெரிந்தது. யார் காட்டிக்கொடுத்தார், ஒருவரை மறித்தவர் பின்னால் வந்த மற்றவரை ஏன் போகவிட்டார் என்ற கேள்விகள் பல வீடுகளில் இன்றுவரை விடையின்றியே இருக்கின்றன. நாவலிலோ அட்டையை நீட்டுபவரின் அச்சமும் அதை வாங்கிப் பார்ப்பவரின் ஐயமும் இரண்டுமே நமக்குக் காட்டப்படுகின்றன; யார் யாரைக் கண்காணிக்கிறார், எதற்காக என்பது கடைசிப் பக்கத்துக்குள் எப்படியும் தெரிந்துவிடுகிறது. சிதறிக் கிடக்கும் செய்திகள் ஓர் ஒழுங்குக்குள் வந்து சேரும் அந்த ஆறுதலையே இவ்வகை எழுத்து தரும் பயன்களுள் தலையாயதாக நான் எண்ணுகிறேன். இந்தச் சூழலை உள்ளிருந்து அறிந்த ஒருவர், வாவிக்கரையையும் படுவான்கரையையும் களமாக வைத்து எழுதும் உளவு நாவலொன்றை வாசிக்க எனக்குப் பெரு விருப்பம் உண்டு. 2009க்குப் பின்னர் வளர்ந்த பிள்ளைகள் இவற்றை வேகத்துக்காகவும் வெளிநாட்டு நகரங்களுக்காகவும் படிக்கிறார்கள். அதுவும் முறையான வாசிப்பே.

இவ்வகை நாவல்களில் இரண்டு பெரும் போக்குகள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை உளவுப் பிரிவில் பணியாற்றிய இயன் பிளெமிங் 1953ஆம் ஆண்டு ‘கசினோ ரோயல்’ மூலம் ஜேம்ஸ் பொண்டை அறிமுகப்படுத்தினார். விலையுயர்ந்த உணவு, வேகமான கார், ஐயத்துக்கிடமற்ற பகைவன் என்று அமைந்த இந்தப் போக்கைப் பலரும் திரைப்படங்கள் வழியே அறிவார்கள். ஆயினும் அந்த முதல் நாவலின் உச்சக் காட்சிகளுள் ஒன்று சீட்டாட்ட மேசையிலேயே நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரியின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்ற ஒரே கேள்வி அங்கே துப்பாக்கியின் வேலையைச் செய்கிறது.

மற்றப் போக்கு ஜோன் லு காரேயுடையது. டேவிட் கோர்ன்வெல் என்ற இயற்பெயரைக் கொண்ட அவர், பிரித்தானிய உளவுத்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே புனைபெயரில் எழுதத் தொடங்கினார். பேர்லின் மதில் எழுப்பப்பட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின், 1963இல் வெளிவந்த ‘த ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரொம் த கோல்ட்’, தம் பக்கத்தாரும் எதிர்ப்பக்கத்தாரும் மனிதரைப் பயன்படுத்தி எறிவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர் என்பதைக் காட்டி வாசகரை உலுக்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், பிரித்தானிய உளவுத்துறையில் உயர்ந்த பதவி வகித்த கிம் பில்பி சோவியத் ஒற்றன் என்பது உறுதியாகி மொஸ்கோவுக்குத் தப்பியோடியிருந்தார். அந்தத் துரோகத்தின் நிழலில் லு காரே 1974ஆம் ஆண்டு எழுதிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யில், ஓய்வுபெற்ற ஒருவர் பழைய கோப்புகளைப் புரட்டியும் பழைய சகாக்களோடு பேசியும் தம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் துரோகியைத் தேடுகிறார். சூடும் துரத்தலும் அரிதாகவே வரும் இந்த நாவல், நிறைய வெடிகள் உள்ள பல நாவல்களைவிட அதிகமாக நெஞ்சைப் பிடிக்கிறது. ஒற்றனை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொன்ன குறளுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குத் தெரியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பகைவனை ஒரு தனி மனிதராகக் காட்டாமல் ஓர் இனத்தின் முகமாகவே காட்டிவிடுவது இவ்வகை நாவல்களின் பழைய நோய். பக்கனின் நாவலிலேயே ஒரு பாத்திரத்தின் வாயில் யூதர் மீதான வெறுப்புப் பேச்சு வருகிறது. ஆசியரும் ஆபிரிக்கரும் பின்னணிப் பொம்மைகளாக வந்துபோகும் நூல்கள் ஏராளம். பெண்களை நாயகனுக்குக் கிடைக்கும் பரிசாக மட்டுமே வைத்திருப்பவையும் அவ்வாறே. மூன்று சமூகங்கள் அருகருகே வாழும் நம் மாவட்டங்களில் இதை வாசிப்பவர் இத்தகைய இடங்களை அடையாளம் கண்டு, அவற்றை எழுத்தாளரின் குறையென்றே கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் தமிழில் மட்டும் வாசிப்பவராயின் ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகத்தை இந்தக் கண்ணோடு மீண்டும் படிக்கலாம். படக்கதைகளில் விருப்பமுள்ளவர்களுக்கு, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யும் அதன் தொடர்ச்சிகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகும் உயர்தர வகுப்பு மாணவர்கள் பக்கனின் நாவலை முதலில் எடுப்பது நல்லது. அது மெல்லிய நூல். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிறகு போர்சைத்தை வாசிக்கலாம். அரசியற் பின்னணி விரியும் முதல் அத்தியாயங்கள் சற்றுக் கனமாகத் தோன்றினாலும், கொலையாளி தன் ஆயத்தங்களைத் தொடங்கியதும் நடை இலகுவாகிவிடும். லு காரேயின் 1963ஆம் ஆண்டு நாவலை மூன்றாவதாக வைத்துக்கொண்டு, ‘டிங்கர் டெய்லர்’ நூலைக் கடைசிக்கு ஒதுக்கலாம். அதில் ஆட்கள் சிலர் இயற்பெயராலும் மறைபெயராலும் மாறி மாறிக் குறிப்பிடப்படுவதால், பெயர்களை ஒரு தாளில் எழுதி நூலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு படித்தால் வழி தவறாது.